கடைசிக் கழனி

நடவுக்கு இறங்கினால், புதிதாக வந்தவளையோ உடம்பு முடியாதவளையோ ஆராயி தன் பக்கத்தில்தான் நிறுத்திக்கொள்வாள். தன் வரிசையை நட்டுக்கொண்டே அவள் வரிசையிலும் நாலு குத்து வைத்துவிடுவாள். ஏனென்று கேட்டால், "கை அதுவா போவுது, இன்னா பண்ணச் சொல்ற?" என்பாள். பள்ளி விடுமுறைகளில் வரப்பில் உட்கார்ந்து இதைப் பல வருஷம் பார்த்தவள் திவ்யா. அவளுடைய அம்மா லதா, ஆபரேஷனுக்குப் பிறகு சரியாகக் குனிய முடியாமல் இருந்த இரண்டு போகமும் ஆராயியின் பக்கத்தில்தான் நின்றாள். ஒருத்தியும் குறை சொல்லவில்லை.

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து உள்ளடங்கிய அந்த ஊரில் நடவுக் கூட்டத்தின் தலைவி ஆராயி. வெளியார் கழனிக்குப் போனால் கூலி. கூட்டத்துப் பெண்களின் சொந்தக் கழனி என்றால் கூலி கிடையாது, ஆளுக்கு ஆள்தான். இன்று இவள் கழனியில் எல்லாரும், நாளை அவள் கழனியில் எல்லாரும். தலைவியின் கழனி கடைசி. யாரும் போட்ட சட்டமில்லை அது. மற்றவர்களுடையது முடியாமல் தன்னுடையதில் இறங்க ஆராயிக்குக் கூச்சம். புருஷன் போன பிறகு அந்த அரை ஏக்கர் நெல்தான் அவளுக்கும் மகன் ரமேஷுக்கும் வருஷத்துச் சோறு.

திவ்யா அவள் வீட்டின் முதல் பட்டதாரி. வேலை தேடி அலைந்து, கடைசியில் தொழிற்பேட்டைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஓர் ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் சேர்ந்தாள். சேர்ந்த மாதமே மேலாளர் கேட்டார்: "கேன்டீனுக்கும் பேக்கிங்குக்கும் லேடீஸ் வேணும்மா. உங்க ஊர்ல கிடைப்பாங்களா? நாற்பத்தஞ்சு வயசைத் தாண்டக்கூடாது."

மாதச் சம்பளம், பி.எஃப்., தெருமுனைக்கே வேன். கூட்டத்தில் ஆராயி ஒருத்தியைத் தவிர எல்லாருக்கும் வயது ஒத்துப்போனது.

"என்னை வுட்டுட்டியேடி. கம்பெனிக்காரன் என் மூஞ்சைப் பாத்தா பயந்துடுவானா?" என்று ஆராயி சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டாள்: "வண்டி என்னிக்கு வருது? திங்கக்கெழம என் கழனி. நாத்து முத்திகினு கீது. அத்த முடிச்சுட்டுப் போவட்டும்."

"சொல்லிடறேன் பெரிம்மா."

அலுவலகத்தில் மேலாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டே கேட்டார்: "திங்கள்லேர்ந்தா, புதன்லேர்ந்தா?"

"திங்களே வந்துடுவாங்க சார்."

வாய் அப்படித்தான் சொன்னது. முதல் பொறுப்பு, சுறுசுறுப்பான பெண் என்று பேர் வாங்க வேண்டும். நாற்று முத்துகிறது என்று சொன்னால் அவர் சிரித்துவிடுவாரோ என்ற வெட்கமும் இருந்தது. ஆராயி கழனியை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடலாம் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூட்டத்துப் பெண் தமிழ்ச்செல்வியின் கழனியில் நின்றார்கள். ஆராயியும் அங்கேதான் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வேன் வந்தது; ஆராயியைத் தவிர கூட்டம் முழுக்க ஏறிப் போனது. முதல் வாரம் லீவு போட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். அடுத்த ஞாயிறு ஓவர்டைம். நடவு மெஷினுக்கு நாற்றைத் தட்டில் வளர்த்திருக்க வேண்டும்; நாற்றங்காலில் விட்டது அதற்கு ஆகாது. வெளியூர் ஆட்களைப் பெரிய பண்ணைக்காரர்கள் முன்பே பேசிவைத்திருந்தார்கள். நாற்று முத்திக் கணு விட்டது; இனி நட்டாலும் பயனில்லை. ஆராயி அதை அறுத்து மாட்டுக்குப் போட்டாள்.

முதல் சம்பளம் வந்ததும் லதா மகளையும் கூட்டிக்கொண்டு ஆராயி வீட்டுக்குப் போனாள்.

"இந்தாக்கா, என் ஒரு நாள் கூலி."

"நான் கூலிக்கா உன் கழனியில எறங்கினேன்? நீ எனக்கு ஆளு தரணும். துட்ட எடுத்துகினு போ."

"ஆபீஸ்லதான் திங்கள்னு சொல்லிட்டாங்க பெரிம்மா," என்றாள் திவ்யா.

"நீ இன்னா பண்ணுவ, சின்னப் பொண்ணு," என்று ஆராயி அவள் தலையைத் தடவினாள். அடித்திருந்தால் தேவலை என்று திவ்யாவுக்கு இருந்தது.

அந்த வருஷம் ஆராயி கடையில் அரிசி வாங்கிச் சாப்பிட்டாள். மற்ற வீடுகளில் ஓலை போய்த் தளம் வந்தது. குழுக்கடன்காரன் தெருவில் நின்று கத்துவது நின்றது. தமிழ்ச்செல்வியின் மகள் நர்சிங் சேர்ந்தாள். வேலை வந்தது தப்பு என்று திவ்யாவால் நினைக்க முடியவில்லை. இரண்டு நாள் பொறுத்து வந்திருந்தால் இதில் எது குறைந்திருக்கும் என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

மறு வருஷம் ஆராயி நாற்று விடவில்லை. விட்டால் யார் நடுவது? ரமேஷ் கழனியில் மண் கொட்டி மேடாக்கி, கம்பெனி பஸ்கள் நிறுத்த வாடகைக்கு விட்டான். நெல்லை விட வாடகை அதிகம். "நோவாம வருது," என்று ஆராயியே சொன்னாள்.

பொங்கல் லீவில் லதா மறுபடி போய் நின்றாள். "ஒரு நாளு இன்னா வேலைன்னாலும் சொல்லுக்கா, செஞ்சுட்டுப் போறேன்."

ஆராயி மேட்டில் வரிசையாக நின்ற வண்டிகளைக் காட்டினாள். "இன்னாத்தடி நடுவ? பஸ்ஸையா?"

இருவரும் சிரித்தார்கள். திவ்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை என்று சொல்லியிருக்க முடியும் என்பதை அன்றும் அவள் சொல்லவில்லை. அம்மா தர வேண்டிய ஒரு நாள் நடவு இன்னும் பாக்கி. இறங்கி நடத்தான் கழனி இல்லை.