கூரை என்னுடையது, கேஸ் அவருடையது

பாகூர் ரோட்டில் எனக்கு ஒரு டீக்கடை. நேர் எதிரே இன்னொருவருக்கு ஒரு டீக்கடை. நான் பலகையில் "ஸ்பெஷல் டீ" என்று எழுதினேன். மறுவாரமே அவர் "ஒரிஜினல் ஸ்பெஷல் டீ" என்று எழுதினார். அதோடு பேச்சு நின்றது.

போன புயலில் அவர் என் கடைக்கு வந்தார். அவருக்கு முன்னாலேயே அவர் கூரை வந்துவிட்டது. தகர ஷீட்டெல்லாம் ரோட்டைத் தாண்டி என் வாசலில் கிடந்தன. காற்று அடங்கியதும் பின்னாலேயே அவர், முழங்கால் தண்ணீரில், தோளில் சிலிண்டரோடு.

"இன்னாக்கா, கேஸ் இருக்குதா?"

"தீந்துபோச்சு. இந்தத் தண்ணில கேஸ் வண்டி எங்க வருது?"

"எங்கிட்ட இருக்குது. கூரைதான் இல்ல."

"தெரியுது. என் வாசல்லதான கிடக்குது."

அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. சேதராப்பட்டு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் காலையில் டீக்காக எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் நிற்கும். இரண்டு வீட்டுச் சோறும் அந்த வேன்தான். கம்பெனிக்குப் புயல் எல்லாம் தெரியாது. தண்ணீர் கொஞ்சம் வடிந்தால் போதும், மறுநாள் வேன் வரும். இரண்டு கடையும் மூடிக் கிடந்தால் ஏம்பலத்து டீக்கடையில் போய் நிற்கும். அங்கே ஒரு தடவை நின்றால் நின்றதுதான்.

அடுப்பு என்னுடையது, கேஸ் அவருடையது. பால், பக்கத்துத் தெரு மாட்டினுடையது. பாத்திரம் ஒன்று. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் நகரவில்லை.

"என் பெஞ்ச எடுத்துனு வரேன்க்கா. என் ஆளுங்க ஒன் பெஞ்சுல குந்த மாட்டாங்க."

"பெரிய கலெக்டருங்க. எடுத்துனு வாய்யா."

கிளாஸையும் கொண்டுவந்தார். அவருடையதில் சிவப்புக் கோடு.

காலையில் வேன் வந்தது. அவர் ஆட்கள் அவர் பெஞ்சில், என் ஆட்கள் என் பெஞ்சில். நடுவில் ஒரே பாத்திரம். போட்டது நான். இரண்டு பக்கமும் ஊற்றியதும் நான். கோடு போட்ட கிளாஸில் ஒருவர் ஒரு வாய் குடித்தார்.

"அண்ணன் டீ அண்ணன் டீதான்பா. அந்தக்கா போடுறது வெந்நீரு."

என் பெஞ்சுக்காரர் விடவில்லை. "நாக்கு செத்தவனுக்கு இன்னா தெரியும்? நீ ஊத்துக்கா."

எதிர்க்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பாத்திரத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் நஷ்டம். சொல்லவில்லை. கரண்டும் கேஸ் வண்டியும் வரும்வரை அப்படியே ஓடியது. வேன் ஏம்பலம் போகவில்லை.

பிறகு அவர் ஷீட்டைத் தன் கூரையில் அடித்துவிட்டு, பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனார். மறுவாரம் அவர் பலகையில் "புயல் ஸ்பெஷல் டீ". என் அடுப்பில் வெந்த டீ. நானும் பெயின்ட் வாங்கினேன். "ஒரிஜினல் புயல் ஸ்பெஷல் டீ."

இப்போதும் பேச்சு இல்லை. ஆனால் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய சிலிண்டர் ஒன்று, அவசரத்துக்கென்று என் கடை மூலையில் நிற்கிறது. ஏன் என் கடையில் என்று நான் கேட்கவில்லை. அவர் கூரையை அவரே நம்பவில்லை.