அம்மாவின் பூப்போட்ட பைஜாமா

என் அம்மாவுக்குப் பைஜாமா தைத்துக் கொடுத்ததற்காக என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்ட சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறுத்தட்டும். என் காதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டித்தான் இருந்தது.

அப்பா போனதிலிருந்து அம்மா வெள்ளைச் சேலைதான். எங்கள் பக்கம் அது வழக்கம். யாரும் அதட்டிச் சொல்வதில்லை. காரியத்தன்று கட்டிவிடுகிறார்கள், அப்புறம் சாகும்வரை அதுதான். எனக்கு அது அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

போன வருடம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து சூலூர் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அங்கே அம்மாவோடு அண்ணன் குடும்பமும் இருக்கிறது. நான் சரவணம்பட்டியில் இருந்து போய் வருகிறேன். தினமும் வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும், படுத்தே கிடந்தால் பிறகு எழவே முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சேலை வாக்கரில் சிக்கி அம்மா மறுபடி விழப் பார்த்தாள். உடனே நைட்டிக்கு மாற்றினார்கள், அதையும் வெள்ளையில் தேடிப் பிடித்து. பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோதெரபிஸ்ட் சின்ன வயதுக்காரர். படுத்தபடி காலைத் தூக்குங்கம்மா என்பார் அவர். தூக்கினால் நைட்டி தொடைவரை ஏறும். அம்மா காலைத் தூக்கவே இல்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு கால் மட்டும் மெலிந்துகொண்டே வந்தது. 

நான் பைஜாமா தைக்கப்போகிறேன் என்றேன். அண்ணன் முகம் மாறிவிட்டது.

“அம்மிணி, சொந்தபந்தம் வந்து போற ஊடு இது. அம்மாளுக்கு பேண்ட்டு மாட்டி உட்டா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?”

“அம்மா நடக்கறாங்கன்னு நெனப்பாங்க” என்றேன்.

அண்ணனின் மனைவி, வெள்ளையிலாவது தைக்கச் சொன்னார். கட் பீஸ் கடையில் வெள்ளையைத்தான் முதலில் பார்த்தேன். மெல்லியதில் கால் தெரியும், தடித்தது மெத்தை உறை மாதிரி இருந்தது. அதற்குப் பக்கத்தில் கருநீலத்தில் பொடிப் பொடியாய் மஞ்சள் பூப்போட்ட காட்டன் ஒன்று மடித்து வைத்திருந்தார்கள். பாப்பாவுக்குங்களா என்று கடைக்காரர் கேட்டார். எங்கம்மாவுக்குங்க என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

எனக்கு ஜாக்கெட் தைக்கத் தெரியும், பாவாடை தைக்கத் தெரியும். பைஜாமா தைத்ததில்லை. வீட்டுக்காரரின் நைட் பேண்ட் ஒன்றைத் தையல் பிரித்து மாதிரிக்கு வைத்துக்கொண்டேன். அது நல்ல பேண்ட் என்று அவர் முனகியதைக் காதில் வாங்கவில்லை. எலாஸ்டிக் ஆபரேஷன் தழும்பை அழுத்தும் என்பதால் பாவாடைக்குப் போடுவதுபோல நாடாவே போட்டேன். உட்கார்ந்தால் பின்னால் இறங்காமல் இருக்கத் துணியைத் தாராளமாக விட்டேன். மேலே பட்டன் வைத்த தொளதொளச் சட்டை.

நிறத்துக்காக அம்மா என்னோடு சண்டை போடுவாள் என்று பதில்களை எல்லாம் பஸ்ஸிலேயே தயார் செய்துகொண்டு போனேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அம்மா பூக்களை விரலால் தடவிப் பார்த்தாள், மாட்டிவிடச் சொன்னாள். பிறகு இடுப்பில் இரண்டு பக்கமும் கையால் துழாவினாள்.

“சாவிய எங்க கண்ணு சொருகறது?”

 பீரோ சாவியும் சாமான் அறைச் சாவியும் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவின் சேலை இடுப்பில் இருந்தவை. நைட்டிக்கு இடுப்பு ஏது? சாவிக்கொத்து தலையணைக்கு அடியில் போயிருந்தது. கொடுங்கம்மா, நான் பத்திரமா வெச்சுக்கறேன் என்று அண்ணன் அடிக்கடி கேட்டுக்கொண்டும் இருந்தார். அம்மா கூச்சத்தால் மட்டும் படுத்துக் கிடக்கவில்லை. எழுந்து நடந்தால் சாவி கைமாறிவிடும் என்று அதன்மேல் தலையை வைத்துக் காவல் காத்திருக்கிறாள். நிறத்துக்காக ஊரையே எதிர்த்துக்கொண்டு வந்த நான் பாக்கெட்டை மறந்திருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து, பைஜாமாவைக் கழற்றிப் பக்கத் தையலைப் பிரித்து, மிச்சத் துணியில் கையாலேயே ஆழமாக ஒரு பாக்கெட் தைத்து, மேலே பட்டனும் வைத்தேன். அம்மா மறுபடி அதைப் போட்டுக்கொண்டு, சாவியை உள்ளே விட்டுப் பட்டனைப் போட்டு, வெளியே இருந்து ஒரு தரம் தட்டிப் பார்த்தாள். பிறகு வாக்கரைக் கொண்டுவரச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்க்க வந்தார்கள். அப்போது அம்மா ஹாலில் நடந்துகொண்டிருந்தாள். கேட்டில் கார் நின்றதுமே அண்ணன் உள்ளே ஓடிப் போய் ஒரு வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து, அம்மாவின் தோளில் இருந்து கால்வரை மூடப் பார்த்தார். அதற்குள் அவர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அம்மா ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்துச் சேலையைத் தள்ளினாள். குரலை உயர்த்தவில்லை.

“அத மடிச்சு வெய்யி சாமி. நாஞ் செத்தா போத்தி உடு. இப்ப வழிய உடு, நான் நடக்கோணும்.”

அண்ணன் சேலையும் கையுமாக ஒதுங்கி நின்றார். சாவி பாக்கெட்டில் குலுங்க அம்மா மெதுவாக வாசல்வரை போனாள். நிலைப்படிக்கு வெளியே திகைத்து நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, வாங்க என்று அவளே உள்ளே கூப்பிட்டாள்.