மூன்றாம் நிறம்

மங்கையற்கரசிக்கு மனிதர்களைப் பிடிக்கும். அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களைத்தான் பிடிக்காது. நகத்தளவு முகம் ஒன்றை அனுப்பிவிட்டுக் கடை வாசல் அளவுக்குப் பெருப்பித்துத் தாருங்கோ என்பார்கள். போனில் பார்க்க வடிவாகத்தானே இருக்கிறது என்று சண்டைக்கு வேறு வருவார்கள்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு ஸ்டிக்கர் அச்சகத்தில் இருபத்தொரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. அதற்கு முன் எட்டு வருடம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள். இப்போது படங்களைத் துடைக்கிறாள். அப்போது இடுப்புப் போனது, இப்போது கண் போகிறது. முன்னேற்றம் என்றால் அவ்வளவுதான்.

வேலை கேட்பதற்கு லேசானது. கண்ணாடிபோல ஊடே தெரியும் வினைல் ஒட்டுத்தாளில், முன்கூட்டியே கலந்து வைத்த மையால் அச்சடிப்பார்கள். ஒரு நிறத்துக்கு வலை கட்டிய ஒரு சட்டம். படத்திலிருக்கும் ஆயிரம் நிறங்களையும் இரண்டு மூன்றாகக் குறைத்து, சாயல்களைப் பொடிப் புள்ளிகளாக உடைத்து, நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அடியில் வெள்ளை போட மறந்தால் முகத்துக்குள்ளால் தெரு தெரியும். படத்திலுள்ள ஒரு தூசி தப்பினாலும் அச்சில் அது மருவாக வந்து நிற்கும். அதனால் தூசியைக் கண்டால் அவளுடைய கை யோசிப்பதில்லை, அழித்துவிடும்.

புதன்கிழமை காலை நடேசண்ணை வந்தார். கோவில் திருவிழாக்களுக்கு வேன் கொண்டுபோய் வடையும் ரோல்ஸும் விற்பவர். மார்கழியில் மனைவி பவளம் இறந்த பிறகு அவருடைய சட்டைகள் எல்லாம் ஒரு அளவு பெரிதாகிவிட்டன.

"ஞாயிற்றுக்கிழமை ஹம் நகரக் கோவில்ல தேர், தங்கச்சி," என்றார். "இத்தனை வருசமும் அவதான் வேன் வாசல்ல நிண்டவ. இந்த முறை பின் கண்ணாடியில எண்டாலும் நிக்கட்டும். வெளுத்துப் போகாத மையில அடிச்சுத் தாங்கோ."

கொண்டுவந்தது பூஞ்சணம் பிடித்த பழைய புகைப்படம் ஒன்று. முதலாளி ஹோல்கர் நல்ல மனிதர், ஆனால் ஒற்றை முகத்துக்காக மெஷினை மாற்ற மாட்டார். மறுநாள் ஒரு பேக்கரியின் ஸ்டிக்கருக்காக வெள்ளை மையும் கரும்பழுப்பு மையும் மெஷினில் ஓட இருந்தன. அந்தத் தாளின் ஓரத்தில் இடமிருக்கிறது, அதில் சேர்த்துவிடு, இரண்டு நிறம்தான், மூன்றாவது கேட்காதே என்றார். நடேசண்ணையும் சரி என்றுவிட்டார்.

அன்று முழுவதும் அவள் பவளமக்காவின் முகத்தோடு இருந்தாள். முதலில் படத்திலிருந்து நிறத்தை எடுத்துவிட்டாள். பிறகு பூஞ்சணப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். கன்னத்தில், கழுத்தில், நெற்றியில், சேலையில், எங்கு பார்த்தாலும் புள்ளி. மத்தியானத்துக்குப் பிறகு கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. எப்போதடா முடியும் என்றுதான் நினைத்தாள், வேறெதுவும் நினைக்கவில்லை. நான்கு மணிக்கு முகம் பளிச்சென்று வந்துவிட்டது. ஹோல்கர் எட்டிப் பார்த்து "சூப்பர்" என்றார். வியாழன் அச்சடித்து, சட்டங்களையும் அடுத்த வேலைக்காகக் கழுவி வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அச்சக முற்றத்தில் அவளே வேனின் பின் கண்ணாடியில் ஒட்டினாள். தண்ணீர் தெளித்து, தேய்த்து, சூடு காட்டி, ஒரு குமிழி இல்லாமல் ஒட்டினாள். நடேசண்ணை கிட்ட வந்து பார்த்தார். பிறகு கைலேஞ்சியை எடுத்து அந்த முகத்தின் நெற்றியை மட்டும் ஒருமுறை துடைத்தார்.

"வடிவா இருக்கு, தங்கச்சி. அப்ப நான் வாறன்," என்று சாரதிக் கதவுவரை போனவர் திரும்பி வந்தார்.

"அவ பொட்டோட போனவ," என்றார்.

மங்கையற்கரசி திரும்பி அந்த வெறும் நெற்றியைப் பார்த்தாள். நிறத்தை எடுத்த பிறகு அந்தச் சிவப்புப் பொட்டும் நரைத்த ஒரு புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும். ஹோல்கருக்கு அது தெரியாததில் குற்றமில்லை. ஆனால் இவளுக்குமா? ஒவ்வொரு நாள் காலையும் கண்ணாடி பார்த்துத் தன் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு வருகிறவள், ஒரு சுமங்கலியின் நெற்றியைத் தன் கையாலேயே அழித்திருக்கிறாள். புருஷன் உயிரோடு எதிரே நிற்கிறார். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"தூசி எண்டு நினைச்சிட்டன் அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லை. உங்களுக்கும் களைப்பு," என்றார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த கரும்பழுப்பு ஓட்டம் செப்டெம்பரில். தேர் நாளை மறுநாள். அவள் யாரையும் கேட்கவில்லை. உள்ளே போய், வெட்டுத் துண்டுகள் கிடக்கும் பெட்டியைக் கிளறி, மூன்று சிவப்பு வினைல் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டினாள். நடேசண்ணை தயங்கவே இல்லை, கடும் சிவப்பைத் தொட்டார். வெட்டும் மெஷினில் வைத்து அதில் ஒரு வட்டம் எடுத்தாள்.

கத்தி முனையில் அந்தப் பொட்டை ஏந்திக்கொண்டு வேன் பக்கம் நடந்தவள், கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டாள். இருபத்தொரு வருடத்தில் ஒட்டும் வேலையை ஒரு வாடிக்கையாளரின் கையில் அவள் கொடுத்ததே இல்லை. கோணலாக்கிவிடுவார்கள். கத்தியை அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே வையுங்கோ அண்ணை."

அவர் கையைக் களிசானில் துடைத்தார். மோதிர விரலில் பொட்டை எடுத்தார். நெற்றியில் வைத்து அமத்திப் பிடித்தார்.

விரலை எடுத்தபோது பொட்டு இரண்டு மில்லிமீட்டர் இடப் பக்கம் விலகியிருந்தது. அவளுடைய களைத்த கண்ணுக்கும் அது தெரிந்தது.

"சரிஞ்சு போச்சோ?" என்று கேட்டார்.

"ஓம், கொஞ்சம். எடுத்து நேரா வைக்கட்டோ?"

"வேண்டாம், விடுங்கோ. கலியாண நாளிலயும் இப்பிடித்தான் சரிச்சு வைச்சனான். மூண்டு நாளா ஏசினவ." அவர் பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏசட்டும்."