தொப்பி இழந்த துப்பறிவாளர்

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோ உணவகமொன்றில் நான் கோப்பை கழுவினேன். பக்கத்துத் தொட்டியில் கழுவியவர் மீசை நரைத்த ஒரு அண்ணை. இடைவேளையில் கையை நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகுதான் கொமிக்ஸ் புத்தகத்தைத் தொடுவார்.

அதன் நாயகன் பேய்களைத் துப்பறிகிறவன். ஆதியில் தொப்பியும் நீளக் கோட்டுமாக, பேயோடு பொறுமையாகப் பேசியே வழக்கை முடித்தவன். புதிய இதழ்களில் தொப்பியைப் பறித்து, தசையை வளர்த்து, கையில் துவக்கும் கொடுத்திருந்தார்கள்.

“பேயைச் சுட்டு என்ன பலன், தம்பி? கொமிக்ஸ் கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதித் தாரும்.”

எங்கட சனத்துக்கு அகதி கேஸ் எழுதிக் கொடுப்பதில் நான் பெரிய சூரன் என்று எனக்கு நினைப்பு. பழக்கதோஷத்தில், ‘இவரைக் கைவிட்டால் இவர் உயிருக்கு ஆபத்து, தயவுசெய்து ஏற்றுக்கொள்ளவும்’ என்று ஆங்கிலத்தில் முடித்து அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதத்தில் வாசகர் பக்கத்தில் கடிதம் அச்சாகி வந்தது. கீழே ஆசிரியரின் பதில்: அடுத்த இதழில் தொப்பி திரும்பி வரும்.

அண்ணை இரண்டுதரம் வாசித்தார்.

“உவனுக்கு மூண்டு மாதத்திலை பதில். என்ரை கேசையும் நீர்தானே எழுதினது? மூண்டு வருசமாச்சு.”

பகிடியா, முறைப்பாடா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் ஈரமில்லாத கையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.