பொறுப்பாளர் இல்லாத எந்திரங்கள்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு டீஃபால்ட் அண்ணன் என்று பெயர். நேரில் வெறும் அண்ணாதான், முழுப் பட்டமும் முதுகுக்குப் பின்னால். அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஒருமுறை நான் வாய் தவறி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். “பரவால்லம்மா, அப்படியாவது கூப்பிடறீங்களே,” என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பட்டம் வந்த கதையைச் சொல்ல எங்கள் பிழைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைகளுக்கு பில் போடும் மென்பொருளை நடத்துகிற நிறுவனம் இது. அது ஓடுகிற சர்வர் கணினிகளை நாங்கள் கையால் தொடுவதில்லை. எது எவ்வளவு பெரிது, எங்கே இருக்க வேண்டும், உள்ளே யாரை விடலாம் என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி வைப்போம். ஒரு கருவி அதைப் படித்து அப்படியே கட்டிக் கொடுத்துவிடும். கொத்தனாரிடம் வரைபடத்தைக் கொடுக்கிற மாதிரிதான். ஆனால் இந்தக் கொத்தனார் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார். ஜன்னல் எங்கே என்று நீங்கள் எழுதாமல் விட்டால், வழக்கமாக வைக்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அப்படி எழுதாமல் விட்டதை எங்கள் தொழில் பாஷையில் ‘நல்’ (null) என்போம். அந்த வழக்கமான இடம்தான் டீஃபால்ட்.

ஒவ்வொரு சர்வருக்கும் பொறுப்பாளர் என்று ஒரு கட்டம் உண்டு. சர்வருக்கு ஏதாவது ஆனால் யாருக்கு போன் போக வேண்டும் என்பது அதில் இருக்கும். நிறுவனம் குழந்தையாக இருந்தபோது இந்த வேலைக்கு இருந்தது அவர் ஒருவர்தான். அதனால் அந்தக் கட்டம் ‘நல்’ ஆக இருந்தால் தன் நம்பருக்குப் போகும்படி எழுதி வைத்தார். அன்றைக்கு அது சரி. அப்புறம் ஆட்கள் பெருகினார்கள், சர்வர்கள் பெருகின. புதிதாக வந்தவர்கள் பழைய கோப்பை அப்படியே நகல் எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, பொறுப்பாளர் கட்டத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். கருவியும் முணுமுணுக்கவில்லை. ஊரார் சர்வர் எல்லாம் அண்ணன் தலையில் விடிந்தது.

அவருக்கு அது சுமையாகவே தெரியவில்லை. கிடங்கு மென்பொருளில் தகவல் சேமிக்கிற டிஸ்க் நிரம்பினால் அவர் போனில் எச்சரிக்கை அடிக்கும், அதுதான் அலர்ட். அவர் கிடங்குப் பிரிவுக்காரரைத் தேடிப் பிடித்துக் கூப்பிடுவார். டிஸ்க்கைப் பற்றி நாலு வார்த்தை. பிறகு அந்த ஆளுடைய முதுகு வலி, அவர் மாமியாருக்குச் செய்த கண் ஆபரேஷன், வாடகை வீட்டில் தண்ணீர் ஒழுகுவது என்று ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் போனை வைப்பார். அண்ணனிடம் மாட்டினால் அரை நாள் போச்சு என்று நாங்கள் அலுத்துக்கொள்வோம். சம்பளப் பிரிவுப் பெண்ணுக்குப் பிரசவத் தேதி எது என்று அவள் மேலாளருக்கு முன்பே அண்ணனுக்குத் தெரியும்.

புது லேப்டாப் கொடுக்க ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் இரண்டு அறை. மனைவி இறந்து சில வருடம் ஆகியிருந்தது. சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலி, ஒன்றில் கேபிள்களும் பழைய கீபோர்டுகளும் ஏறி உட்கார்ந்திருந்தன. போனை ஒரு எவர்சில்வர் தட்டின்மேல் வைத்திருந்தார். அதிர்ந்தால் வீடு முழுக்கக் கேட்க வேண்டுமாம். தொலைவில் வேலை பார்க்கும் மகன் காலையில் ஒரு பூப்படம் அனுப்புவானாம். “டெய்லி தவறாம வரும்,” என்று பெருமையாகச் சொன்னார். அவன் பேசுவானா என்று எனக்குக் கேட்க வாய் வரவில்லை. நான் கிளம்பும்போது தட்டு அதிர்ந்தது. மனிதர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே.

அப்புறம்தான் அந்த வாரம் வந்தது. அண்ணன் லீவு போட்டிருந்தார், காரணம் சொந்த வேலை. ஒரு காலை, பில் போடும் சர்வர் ஒன்றில் டிஸ்க் நிரம்பி வழிந்தது. பொறுப்பாளர் கட்டம் ‘நல்’. அலர்ட் அவருக்கே போய்க்கொண்டிருந்தது. அலர்ட் வந்தால் ‘பார்த்துவிட்டேன்’ என்று அழுத்த வேண்டும், யாரும் அழுத்தவில்லை. மதியம் வரை கடைகளில் பில் ஓடவில்லை. வாடிக்கையாளர்கள் எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அலுவலகம் மொத்தமும் அண்ணனுக்கு மாறி மாறி போன் அடித்தது. அந்த நேரம் அவர் குடல்வால் ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடந்தார், போன் நர்சின் மேஜை டிராயரில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் தானே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்திருக்கிறார். போன் அடித்த ஒருத்தரும், மனுஷன் ஏன் எடுக்கவில்லை என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. வேறு யாரோ சர்வரை எழுப்பிவிட்டதும் அவரை மறந்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனோம்.

அவர் திரும்பி வந்த பிறகு மேலாளர் கூட்டம் போட்டார். இனிமேல் பொறுப்பாளர் கட்டம் ‘நல்’ ஆக இருந்தால் கருவி அந்தக் கோப்பை ஏற்கவே கூடாது. பொறுப்பாளர் ‘பார்த்துவிட்டேன்’ என்று அழுத்தாவிட்டால் கூப்பிட இரண்டாவது ஆள் ஒருவர் பெயரும் கட்டாயம். இதை அண்ணனே எழுத வேண்டும், நான் சரிபார்க்க வேண்டும். வயிற்றில் கையை வைத்தபடி அண்ணன் தலையாட்டினார். அவர் முகம் செத்துப்போனதை நான் கவனித்தேன். தையல் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எழுதியது மறுநாள் என்னிடம் வந்தது. பொறுப்பாளர் ‘நல்’ ஆக இருந்தால் கருவி பிடிவாதமாக நின்றது. ஆனால் இரண்டு மேற்கோள்குறி போட்டு நடுவில் ஒன்றும் எழுதாமல் விட்டால் தாராளமாக உள்ளே விட்டது. கருவியின் கணக்கில் எழுதாமல் விட்டதுதான் நல், வெறுமையாக எழுதினாலும் எழுதியது எழுதியதுதான். உள்ளே போனபின் நம்பரைத் தேடுகிற வரி வெறுமையைத் தாண்டிக் குதித்து, பழையபடி அண்ணன் நம்பரில் போய் உட்கார்ந்தது. இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது விழுந்து எழுந்த குழி இது. ஆனால் அண்ணன் விழுகிற குழி இல்லை. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நேரே அவர் இடத்துக்குப் போனேன்.

“அண்ணா, நல் வந்தா நிக்குது. வெறும் கொட்டேஷன் மார்க் போட்டா?”

“யாரும்மா போடப் போறா?”

“எல்லாரும் போடுவாங்க. எர்ரர் வந்தா மொதல்ல செய்யறதே அதான். உங்களுக்குத் தெரியாதா?”

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா விட்டீங்க?”

“மொத்தமா நின்னுடும்லம்மா. பாதியாவது வரட்டும்னு நெனச்சேன்.”

“என்ன, அலர்ட்டா?”

“போன்,” என்றார்.

எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும். “நீங்க மறுபடி படுத்துட்டா? மறுபடி கடையெல்லாம் நிக்கணுமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நீ சொல்றது சரிதான், மாத்திடறேன்,” என்றார்.

நான் டீ குடித்து வருவதற்குள் மாற்றிவிட்டிருந்தார். வெறும் மேற்கோள்குறி செல்லாது. உள்ளே இடைவெளி மட்டும் தட்டினாலும் செல்லாது, அதை நான் கேட்கக்கூட இல்லை. நம்பரைத் தேடுகிற வரியில் கடைசியாக இருந்த தன் நம்பரையும் எடுத்திருந்தார். ஒரு சந்து பொந்து விடவில்லை. நான் ஒப்புதல் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அது நடைமுறைக்கு வந்தது.

ஆட்கள் புலம்பிக்கொண்டே தங்கள் பெயர்களை நிரப்பினார்கள். அண்ணன் போன் ஓய்ந்தது. பாதி நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர் தினமும் அலுவலகம் வர ஆரம்பித்தார். ஆனால் பக்கத்தில் இருப்பவருடன் பேச அவருக்கு ஒரு டிஸ்க்காவது நிரம்ப வேண்டும், சும்மா போய்ப் பேச வராது. மத்தியானங்களில் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னிடம் வந்து, “இது வேலை செய்யுதான்னு பாக்கணும், ஒரு தடவை கூப்பிடேன்,” என்றார். கூப்பிட்டேன். நன்றாகத்தான் அடித்தது. கொஞ்ச நேரம் அடிக்க விட்டுக் கேட்டுவிட்டுத்தான் கட் செய்தார்.

அவருக்கென்று மிஞ்சிய சில சர்வர்களின் கோப்பைப் புதுப்பிக்கப் போனபோது, அவர் எழுதிய காவலே அவரைத் தடுத்தது. இரண்டாவது ஆள் பெயர் இல்லை. எத்தனை நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. கடைசியில் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

“ரெண்டாவது ஆள் கேக்குதும்மா.”

“போடுங்களேன்.”

“யாரப் போடறதுன்னுதான்...”

“என் பேரப் போடுங்க. இதுக்கு எதுக்கு யோசனை?”

“உனக்குத் தொந்தரவு.”

“நீங்க எடுத்துட்டா எனக்கு ஏன் வரப்போகுது?” என்றேன். அவர் என் பெயரை எழுத்துக்கூட்டி, சரிதானா என்று இரண்டு தடவை காட்டிவிட்டுச் சேமித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை துணி அலசிக்கொண்டிருந்தேன். என் போன் அலறியது. அண்ணனுடைய சர்வர், டிஸ்க் நிரம்புகிறது, முதல் ஆள் எடுக்கவில்லை. மாடியில் அந்த இரண்டு அறையில் மனுஷன் விழுந்து கிடக்கிறார் என்றே நினைத்துவிட்டேன். ஈரக்கையோடு கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“அண்ணா, என்ன ஆச்சு? உடம்புக்கு முடியலையா?”

“ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்.”

“அலர்ட் வரலையா உங்களுக்கு?”

“வந்துச்சு. டிஸ்க்க அப்பவே காலி பண்ணிட்டேன்.”

“அப்போ பாத்துட்டேன்னு அழுத்த வேண்டியதுதானே? நான் எப்படிப் பயந்துட்டேன் தெரியுமா?”

“அழுத்தியிருந்தா,” என்றார், “நீ கூப்பிட்டிருக்க மாட்டியேம்மா.”

திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. குழாயை மூடிவிட்டு, அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“சாப்டீங்களா அண்ணா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா, இனிமேதான்,” என்றார். பிறகு அந்த டிஸ்க் எப்படி நிரம்பியது என்று ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். கேட்டுக்கொண்டிருந்தேன்.