கடுதாசித் தகப்பன்

உலகத்தில் திருத்த முடியாத காகிதம் என்று ஒன்று உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால், சிலுவைமுத்து சிரித்திருப்பார். ரங்கூன் அலோன் துறைமுகக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாகச் சரக்குச் சீட்டு எழுதிய கிளார்க் அவர். எழுத்து பிசகினால் ஒரே கோடாக அடிப்பார், மேலே சரியானதை எழுதுவார், பக்கத்தில் 'சி.மு.' என்று சின்னக் கையெழுத்துப் போடுவார். தீர்ந்தது விவகாரம். அந்தத் தைரியத்தில்தான் மனிதர் பெற்ற மகளையே அடித்து எழுதத் துணிந்தார்.

மகள் பெயர் ரோஸ். மடத்துப் பள்ளியில் ஒரு வயதான ஆஸ்திரியக் கன்னியாஸ்திரியிடம் இரண்டு வருஷம் ஜெர்மன் படித்தவள். அறுபத்து மூன்றாம் வருஷம், ஆஸ்திரியாவில் ஒரு சின்ன ஊரிலிருந்த தங்கள் பள்ளிக்கு ஒரு மாணவியை ஒரு வருஷம் அனுப்புவது, அங்கிருந்து ஒருத்தியை இங்கே வரவழைப்பது என்று மடத்தில் முடிவானது. அங்கிருந்து வரவேண்டியவளுக்கு ரங்கூன் சர்க்கார் விசா தரவில்லை. இங்கிருந்து போகவேண்டியவள் ரோஸ் என்று பெயர் மட்டும் வந்துவிட்டது.

பெயர் வந்து என்ன செய்ய? பர்மாவுக்குச் சுதந்திரம் வந்த சூட்டில் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கலாம். சிலுவைமுத்து இன்று நாளை என்று இழுத்தார். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த கைக்குத் தன் காகிதம் எழுத நேரமில்லை. ஆகவே அவர், மனைவி, மகள் என்று இந்த ஊரிலேயே பிறந்த மூன்று பேரும் வெளிநாட்டார். வெளிநாட்டார் கப்பலேறலாம், விமானமேறலாம், ஆனால் போனால் போனதுதான், திரும்பி வர முடியாது.

வழி சொன்னவர் பக்கத்து வீட்டு ஊ போ சான். க்யிம்யிண்டைங் சந்தையில் ங்கப்பி விற்கிறவர், பிள்ளையில்லாதவர். அந்த மீன் ஊறல் வாசம் அவருக்கு முன்னால் தெருவில் வரும். யுத்தம் முடிந்த கையோடு பிறந்தவள் ரோஸ், பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத காலம். அவளைத் தன் மகள் என்று ஊ போ சான் சத்தியம் செய்து கொடுத்தால், பர்மாக்காரியாகப் பாஸ்போர்ட் கிடைக்கும். ரோஜாவுக்குப் பர்மியத்தில் நின்சி. மா நின்சி, தகப்பன் ஊ போ சான். பெயரைக்கூட அவரே ஆசையாக வைத்தார்.

மனைவி இருதயம்மாள் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் சிலுவைமுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"கடுதாசிதானே இருதயம்? ஒரு வருசம் களிச்சுப் புள்ள வரட்டும். அடிச்சுட்டு நம்ம பேர எளுதிக்கலாம்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும், ரோஸ் அப்போது அழவில்லை. பதினேழு வயதில் விமானம் கண்ணுக்குத் தெரியும்போது, தகப்பன் பெயர் யாருக்குத் தெரியும்? மிங்கலாடோன் விமான நிலையத்தில் அம்மாவும் அப்பாவும் வேலிக்கு அப்பால் யாரோ போல நின்றார்கள். ஊ போ சான் மட்டும் உள்ளே வந்து அவள் தலையைத் தொட்டார்.

அந்த ஊர்ப் பள்ளியில் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். ரோஸ் கழற்றியதோடு சரி, நம் வீடு போல வெறுங்காலோடு வகுப்புக்குள் போய் நின்றாள். இருபத்தெட்டுப் பெண்களும் சிரித்தார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். டீச்சரம்மா பதிவேட்டைத் திறந்து அப்பா பெயர் என்ன, என்ன தொழில் என்று கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. போ சான், மீன் வியாபாரம் என்றாள். இரண்டு வருஷம் படித்த ஜெர்மனில் அவள் பள்ளியில் பேசிய முதல் வாக்கியம் ஒரு பொய். அதுவும் இலக்கணப் பிழையில்லாமல் வந்தது என்று டீச்சரம்மா மெச்சினாள்.

பொய் ஒரு முறை சொன்னால் போதாது, தினமும் சோறு போட்டு வளர்க்க வேண்டும். ஒருத்தி படப் புத்தகத்தைக் கொண்டுவந்து, பர்மாப் பெண்கள் இப்படியல்லவா இருக்கிறார்கள், நீ இந்தியப் பெண் மாதிரி இருக்கிறாயே என்றாள். அம்மா தெற்கத்திக்காரி என்று சமாளித்தாள். தங்கியிருந்த வீட்டு அம்மாள் பெற்றோர் படம் கேட்டாள். கொண்டுவர மறந்துவிட்டேன் என்றாள். படம் எடுத்துப் போகவே கூடாது என்று அப்பா சொல்லியனுப்பியிருந்தார்.

சர்க்கார் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற காலம் அது. மாதம் ஒரு கடிதம் பர்மியத்தில் ஊ போ சான் கையால் வரும். 'பக்கத்து வீட்டு மாமா சுகம், மாமி உன்னை விசாரித்தாள்' என்று இருக்கும். மாமா என்றால் அப்பா. உறையின் மேல் இங்கிலீஷ் விலாசம் மட்டும் அப்பா எழுதியது. ரோஸ் அந்த விலாசங்களைக் கத்தரித்து அகராதிக்குள் வைத்துக்கொண்டாள்.

அறுபத்து நாலு மே மாதம் வந்த கடிதத்தில், கிடங்கைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது, மாமாவுக்கு வேலை போய்விட்டது, தங்கும் அனுமதியையும் புதுப்பிக்கவில்லை, ஜூனில் இருவரும் மதராஸ் கப்பலேறுகிறார்கள் என்றிருந்தது. அவள் திரும்ப வேண்டியது ஜூலையில். ரோஸ் சாப்பாட்டு மேஜையிலேயே உடைந்து அழுதாள். வீட்டு அம்மாள் பதறிப்போய் விசாரித்தாள். பக்கத்து வீட்டு மாமா ஊரை விட்டுப் போகிறார் என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அதற்கா இப்படி, உன் அப்பா அம்மா அங்கேதானே இருக்கிறார்கள் என்று அந்த நல்ல மனுஷி முதுகைத் தடவினாள். ரோஸுக்கு அவள் கையைத் தட்டிவிடலாம் போல வந்தது.

ஜூலையில் மிங்கலாடோனில் இறங்கினாள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை. ஊ போ சான் புது லுங்கி கட்டி வந்திருந்தார். பழைய வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். சரக்குச் சீட்டு மாதிரி அடித்து எழுதிவிடலாம் என்றாரே, எங்கே போனார் அந்த மனுஷர் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் எப்படியாவது மறைந்திருக்கக் கூடாதா?

மறுவாரமே இந்தியா போக மனுக் கொடுக்கப் போனாள். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஜன்னலுக்குள் இருந்தவன் கேட்டான். அப்பா, அம்மா என்றாள். அவன் காகிதத்தைப் பார்த்தான், வெளியே பெஞ்சியில் இருந்த ஊ போ சானைப் பார்த்தான். உன் அப்பா அதோ உட்கார்ந்திருக்கிறாரே என்றான். உண்மையைச் சொன்னால் பொய்ச் சத்தியத்துக்காகக் கிழவர் ஜெயிலுக்குப் போவார். ரோஸ் மனுவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வழியெல்லாம் அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தாள், தமிழில். ஊ போ சானுக்குச் சொற்கள் புரியவில்லை, கோபம் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, இதை உன்னிடம் காட்டுவதாக இல்லை என்று முணுமுணுத்து, ஒரு தாளை நீட்டினார். எதை எழுதினாலும் கார்பன் நகல் எடுத்து வைப்பது சிலுவைமுத்துவின் பழக்கம். நாட்டை விட்டுப் போகிறவர்கள் எழுதிக் கொடுக்கும் படிவத்தின் நகல் அது.

பிறகு ரோஸ் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் ஜெர்மன் இயந்திரக் குறிப்புகளைப் பர்மியத்தில் எழுதும் வேலைக்குப் போனாள். மா நின்சி என்றுதான் சம்பளம் வாங்கினாள். அந்தத் தாள் அவள் அகராதிக்குள், விலாசங்களோடு இருந்தது. அதில் 'பிள்ளைகள்' என்ற கட்டத்தில் அப்பா முதலில் 'ஒன்று' என்று எழுதியிருந்தார். அதை ஒரே கோடாக அடித்து, மேலே 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் 'சி.மு.' என்று போட்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் நேராகக் கோடு போட்ட கை, அந்த ஒரு கோட்டில் மட்டும் கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது.