ஒரு முடி அளவு

நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இதில் ஒரு வரிகூட நான் ஜோடித்துச் சொல்லவில்லை. ஆந்தை அலறவில்லை, நாய் ஊளையிடவில்லை, விளக்கு அணையவில்லை. எல்லாம் பகல் வெளிச்சத்தில், எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் நடந்தது. பயத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பயம் எப்போதோ போய்விட்டது. மிச்சம் இருப்பது கோபம்தான்.

என் கணவர் அஜாக்கிரதையால் செத்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்கள். அவரோடு வேலை பார்த்தவர்கள் வாசலில் நின்று, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னார்கள். அவருடைய கூடப்பிறந்த தம்பி என் முகத்துக்கு நேராகவே சொன்னான். "அண்ணன் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம் அண்ணி."

கவனமாம். அந்த மனிதர் பச்சைத் தண்ணீரையும் ஊதிக் குடிக்கிறவர். அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தபின் எழுந்துபோய், அது அணைந்துதான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கண்ணுக்குத் தெரியாத அளவையெல்லாம் விரலால் தடவிச் சொல்லிவிடுவார். அவரோடு குடித்தனம் பண்ணி எனக்குப் பொறுமை போனதே அவருடைய கவனத்தால்தான்.

மர வேலை அவருக்குப் பொழுதுபோக்கு. பெரிய ரம்ப மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இரும்புப் பெட்டிக்குள் மோட்டார், மேலே கனத்த இரும்பு மேஜை, அதன் நடுவில் ஒரு பிளவு, அதன் வழியாக எட்டிப் பார்க்கிற வட்டப் பிளேடு. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. ஊரின் மறுகோடியில் ஒரு வீட்டில் பழையது கிடைத்தது. வீட்டுப் பெரியவர் வாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டாராம். மகன் விற்கிறான். பச்சைப் பெயின்ட் அப்போதுதான் அடித்திருந்தான். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது.

நாலு பேர் முக்கி முனகி இறக்கினார்கள். யானைக்குப் பிரசவம் பார்த்த மாதிரி இருந்தது.

"இதை இங்க வச்சா நான் காரை எங்க நிறுத்தறது?"

"வெளிய."

"மழை பெஞ்சா?"

"காருக்கு மழை பழக்கம்தான். இதுக்கு ஆகாது, துருப்பிடிச்சிடும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை இவ்வளவு கரிசனத்தோடு பார்த்ததில்லை.

கால்களுக்கு அடியில் மெல்லிய தகடுகளைச் செருகிச் செருகி மட்டம் பார்த்தார். மேஜையை மண்ணெண்ணெயால் துடைத்து மெழுகு தேய்த்தார். பிறகு என்னுடைய நெயில் பாலிஷை எடுத்து, பிளேடின் ஒரு பல்லில் மட்டும் சிவப்புப் பொட்டு வைத்தார்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"ஒரு பல்லுக்குத்தானே."

"எனக்குப் பத்து விரல் இருக்கு."

அந்தப் பல் முன்னால் நிற்கும்போது, கடிகாரம் மாதிரி முள் வைத்த அளவுக் கருவியால் ஓர் அளவு எடுத்தார். அதே பல்லைக் கையால் பின்னால் சுற்றிக் கொண்டுபோய் இன்னோர் அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் பிளேடு நேர். பிறகு, பலகை சாய்ந்து ஓடுவதற்காக மேஜைமேல் நீளமாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதையும் பிளேடுக்கு நேராக நிறுத்தி, நெம்புகோலை அழுத்திப் பூட்டினார். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே இடைவெளி. முள் ஒரு கோடுகூட அசையக் கூடாது.

"பின்பக்கம் ஒரு முடி அளவு நெருங்கினாலும் போச்சு," என்றார். "பிளேடு பலகையைப் பின்னாலிருந்து கவ்விப் பிடிச்சு, தள்றவன் மேலேயே எறிஞ்சிடும்."

இப்படிப் பேசியவரைத்தான் அஜாக்கிரதை என்கிறார்கள்.

மறுநாள் காலை ஷெட்டிலிருந்து அவர் குரல்.

"யார் இதைத் தொட்டது?"

சட்டம் விலகியிருந்தது. பின்பக்கம் மட்டும், பிளேடை விட்டுத் தள்ளி. ஒரு முடி அளவு. என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. முள்ளைக் காட்டினார். நெம்புகோல் பூட்டியபடியே இருந்தது.

"நீதானே துடைக்கறேன்னு தொட்டே?"

"எனக்கு வேற வேலை இல்லையா? உங்க பட்டத்து யானையைக் குளிப்பாட்டத்தான் நான் பொறந்தேனா?"

மறுபடி நேராக்கினார். அடுத்த நாளும் விலகியிருந்தது. அதே பக்கம், அதே அளவு. அதற்கடுத்த நாளும். அளவு நிற்காமல் ஓட்ட மாட்டேன் என்று சுவிட்சையே அவர் தொடவில்லை.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவர் தொடவில்லை என்றால் நான். நான் தொடவில்லை என்றால் அவர். மூன்றாவதாக ஒன்றை யோசிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. சண்டைதான் தோன்றியது. சாப்பிடும்போது சண்டை, படுக்கப் போகும்போது சண்டை. கடைசியில் ஷெட்டுக்குப் பெரிய பூட்டு ஒன்று வாங்கிப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் வீட்டிலேயே எனக்குப் பூட்டு. நாள் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

அது வியாழக்கிழமை. அவருக்கு விடுமுறை. மாலை நாலரை மணி. சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சாவி பையில். பூட்டு கதவில்.

டக்... டக்... டக்.

ஷெட்டுக்குள்ளிருந்து.

விரல் முட்டியால் இரும்பை மெல்லத் தட்டுகிற சத்தம். உடைக்கிற தட்டல் இல்லை. கை தேர்ந்தவன், ஒரு பொருளைக் கொஞ்சமே கொஞ்சம் நகர்த்தத் தட்டுகிற தட்டல்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பூட்டைத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. ஜன்னல் உள்பக்கம் தாழிட்டபடி இருந்தது. பிளக் சுவரிலிருந்து கழற்றியபடியே தரையில் கிடந்தது.

முள்ளை வைத்துப் பார்த்தார்.

பின்பக்கம்... ஒரு முடி.

"பூனையா இருக்கும்," என்றார். அவர் குரல் அவருடையதாக இல்லை.

"பூட்டின நெம்புகோலை நகர்த்தற பூனை எந்தக் கடையில விக்குது? ஏங்க, இது வேண்டாம். திருப்பிக் குடுத்திடலாம்."

அவருக்குக் கோபம் வந்தது. என் மேல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத எதன் மேலோ.

"என் அளவு சரி. எவன் வந்து தட்டினாலும் என் அளவு சரி."

சட்டத்தை நேராக்கினார். மூன்று முறை அளந்தார். கண்ணாடி மாட்டினார். பலகை தள்ளுகிற கட்டையை எடுத்தார். என்னை வாசலுக்கு அப்பால் போகச் சொன்னார். பிளேடுக்கு நேரே நிற்காமல் ஓரமாகத்தான் நின்றார். நான் பார்த்தேன். இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன். ஓரமாகத்தான் நின்றார்.

பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டார்.

பலகை பாதி வரை வெண்ணெய் மாதிரி போனது.

பிறகு ஒரு நடுக்கம்.

அவர் முகம் மாறியது.

சட்டம் நேராகத்தான் இருந்தது...

பலகை சுழன்று கிளம்பியதை நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

விலாவுக்குக் கீழே பட்டது. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரியை எட்டும் முன்பே போய்விட்டார்.

அதன் பிறகு வந்ததுதான் அந்த வார்த்தை. கவனம். காரியங்கள் முடிந்ததும் தம்பி மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"சும்மா கிடந்தா வீணாப் போயிடும் அண்ணி. அண்ணன் ஞாபகமா நான் வச்சுக்கறேன். நான் கவனமா இருப்பேன்."

அவன் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். ஆனால் அந்தச் சனியன் என் கண்ணில் படாமல் போனால் போதும் என்று இருந்தது. எடுத்துப் போகச் சொன்னேன்.

அவன் ஏற்றிக்கொண்டு போன மூன்றாம் நாள், விற்றவன் வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவன் இல்லை. அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள். சின்னப் பெண். விஷயம் கேள்விப்பட்டிருக்கிறாள், முகம் வெளுத்துவிட்டது.

"அவர் வேலைக்குப் போயிருக்கார் அக்கா."

"வரட்டும். உக்காந்திருக்கேன். என்ன மெஷினை எங்க தலையில கட்டினீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள்...

டக்... டக்... டக்.

அவர்கள் வீட்டு உள்ளறையிலிருந்து.

நான் அனுமதி கேட்கவில்லை. எழுந்து போனேன்.

இரும்புக் கட்டிலில் ஒரு கிழவர். கண் மூடியிருந்தது. வாய் கோணிக் கிடந்தது. ஒரு கை மட்டும் கட்டிலின் இரும்புச் சட்டத்தை முட்டியால் தட்டியது. தட்டிவிட்டுக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளியது. கொஞ்சம் ஓய்ந்தது. மறுபடி தட்டியது.

"எப்ப இருந்து இப்படி?"

"மாமா கட்டை மாதிரிதான் கிடந்தார் அக்கா. மெஷினை வண்டியில ஏத்தின அன்னிக்குத் தட்ட ஆரம்பிச்சார். அப்புறம் நின்னுது."

"எப்ப நின்னுது?"

"ஒரு வியாழக்கிழமை. சாயந்திரம். நான் அவருக்கு டீ குடுக்க வந்தேன், பட்டுனு நின்னுது. முந்தாநாள் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு."

முந்தாநாள் மாலைதான் தம்பி மெஷினை இறக்கி நிறுத்தியிருந்தான்.

போனை எடுத்தேன். தம்பியைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இந்தச் சட்டம் காலையில பாத்தா பின்னாடி விலகியிருக்கு. ரெண்டு நாளா இதே ரோதனை. இப்பதான் நேராக்கினேன். ஒரு பலகையை ஓட்டிட்டுப் பேசறேன்."

"டேய்."

அவனை நான் அப்படி அழைத்ததே இல்லை.

"சுவிட்சைத் தொட்டே, அங்க வந்து உன் கையை நானே ஒடைப்பேன். பிளக்கைப் பிடுங்கு."

"அண்ணி, நான் கவனமா..."

"அந்த வார்த்தையைச் சொல்லாதே. பிடுங்குடா."

டக்... டக்...

"பிடுங்கிட்டேன் அண்ணி."

கட்டிலில் கை நின்றது.

மறுநாள் ஒரு மெக்கானிக்கை வைத்துப் பெட்டியைத் திறந்தோம். பிளேடையும் மோட்டாரையும் தாங்குகிற வார்ப்பிரும்புத் துண்டில் பச்சைப் பெயின்டைச் சுரண்டினார். பெயின்டுக்கு அடியில், பள்ளம் அடைக்கிற பட்டி. பட்டிக்கு அடியில் விரிசல்.

"நிறுத்தி வச்சு யார் அளந்தாலும் சரியாத்தான் காட்டும்," என்றார். "ஓடும்போது மோட்டார் இழுக்கும், விரிசல் வாயைத் திறக்கும், பிளேடு பின்பக்கம் சட்டத்தை நோக்கிச் சாயும். அது தெரிஞ்சவன் சட்டத்தைப் பின்னாடி கொஞ்சம் விலக்கி வச்சுத்தான் ஓட்டியிருப்பான்."

"எவ்வளவு சாயும்?"

அவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் ஒட்டிக் காட்டினார். நடுவில் வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

"ஒரு முடி இருக்கும்."

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணன் சரியாத்தான் அளந்திருக்கார்," என்றான்.

"என்கிட்ட ஏன் சொல்றே? எனக்குத் தெரியும். வந்து வாய்க்கு வந்ததைப் பேசிட்டுப் போனாங்களே, அவங்ககிட்டப் போய்ச் சொல்லு. ஒவ்வொரு வீடா."

போனான். இன்னும் போய்க்கொண்டிருக்கிறான். யார் வீடு பாக்கி என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தவன் ஒருநாள் என் வாசலுக்கு வந்து நின்றான். "சின்ன விரிசல்தானேன்னு..." என்று ஆரம்பித்தான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டேன். மெஷினைச் சம்மட்டியால் அடித்து உடைத்தோம். முதல் அடி என்னுடையது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் அந்தச் சின்னப் பெண் கூப்பிட்டாள். கிழவர் இப்போது அசைவதே இல்லையாம். டாக்டர் வந்து பார்த்தாராம். கை தட்டிய கதையை இவள் சொல்லியிருக்கிறாள். எந்தக் கை என்று டாக்டர் கேட்டாராம்.

"அக்கா... உங்ககிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயத்துல வாய் வரலை."

"என்ன?"

"மாமாவுக்கு வாதம் இழுத்தது இடது பக்கம். அந்தக் கையில ஊசி குத்தினாலும் தெரியாது. அசையவே அசையாது. டாக்டரும் மறுபடி குத்திப் பாத்துட்டு அதையேதான் சொன்னார்."

"சரி."

"முதல் தடவை தட்டினது வலது கை. ஆனா ரெண்டாவது தடவை... நீங்க வந்து பாத்தீங்களே... அது இடது."

போனை வைத்துவிட்டேன்.

என் கணவர் இடக்கைக்காரர்.